மூன்றாவது முறை வரும் நோயாளி

இங்கிலாந்தில் ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரின் காலை நேரம் சளி, முதுகுவலி, தூக்கமின்மை, சர்க்கரை, பிரஷர் என்று ஓடிவிடும். ஒருவருக்குப் பத்து நிமிடம். பேச்சு, பரிசோதனை, மருந்துச்சீட்டு, கணினிப் பதிவு எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். முழுநேரம் பணிபுரியும் ஒரு ஜி.பி. ஓர் ஆண்டில் சந்திக்கும் புதிய புற்றுநோயாளிகள் சுமார் எட்டுப் பேர்தான். ஆறேழு வாரத்துக்கு ஒருவர். அவரும் "எனக்குக் கேன்சர்" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "கொஞ்ச நாளா ஒரே அசதி டாக்டர்" என்பார். அதே அசதியோடு அன்று காலையிலேயே நான்கு பேர் வந்துபோயிருப்பார்கள்.

யாருக்கு மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம், யாரை உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்ல அந்த நாட்டில் ஒரு வழிகாட்டி இருக்கிறது. 'நைஸ்' என்று அழைக்கப்படும் தேசிய நிறுவனம் 2015 ஜூனில் வெளியிட்டது, என்.ஜி.12 என்று பெயர். 30 வயதுக்கு மேல் மார்பில் காரணம் தெரியாத கட்டியா, அனுப்பு. 45 வயதுக்கு மேல், கிருமித் தொற்று இல்லாமல், கண்ணுக்குத் தெரியும்படி சிறுநீரில் ரத்தமா, அனுப்பு. வாயில் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணா, அனுப்பு. சாப்பாடு தொண்டைக்குக் கீழே சிக்குகிறதா, வயதே பார்க்காதே, எண்டோஸ்கோபிக்கு அனுப்பு.

படிக்க எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை மருத்துவர்கள் எந்த அளவுக்குப் பின்பற்றுகிறார்கள்? எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லண்டன் ஆய்வாளர்களோடு சேர்ந்து 2021-ல் வெளியிட்ட ஆய்வு அதற்கு ஒரு பதில் சொன்னது. 2014, 2015 ஆண்டுகளின் பதிவேடுகளிலிருந்து 48,715 பேரை எடுத்துக்கொண்டார்கள். சிறுநீரில் ரத்தம், மார்புக் கட்டி, விழுங்கச் சிரமம், இரும்புச்சத்துக் குறைவால் ரத்தச்சோகை, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு, ஆசனவாயில் ரத்தம் என ஆறு அபாய அறிகுறிகளில் ஒன்றோடு வந்தவர்கள் இவர்கள். அப்போது நடைமுறையில் இருந்த வழிகாட்டியின்படி அவசரமாக அனுப்பப்பட வேண்டியவர்கள். 14 நாட்களுக்குள் அப்படி அனுப்பப்பட்டவர்கள் 40 சதவீதம்.

பத்திரிகைகள் 'பத்தில் ஆறு பேரைக் கோட்டைவிட்ட டாக்டர்கள்' என்ற தொனியில் எழுதின. அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அனுப்பப்படாத 29,045 பேரில் 1,047 பேருக்கு ஓராண்டுக்குள் புற்றுநோய் உறுதியானது. நூற்றுக்கு 3.6. ஆனால் அதே எண்ணைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தால், அனுப்பாமல் விட்டவர்களில் நூற்றுக்கு 96 பேருக்கு மேல் அந்த ஓராண்டில் புற்றுநோய் இல்லை. மருத்துவரின் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது: இந்தத் துறையில் நூற்றுக்கு 96 முறை சரியாக இருப்பது போதாது.

ஒரே கதவு

மதுரைக்காரர் ஒருவருக்கு வயிற்றில் வலி என்றால் முதலில் மெடிக்கல் ஷாப், அப்புறம் தெருமுனை கிளினிக், அதிலும் சரிவரவில்லை என்றால் நேரே குடல்நோய் நிபுணர். கையில் காசிருந்தால் அன்று மாலையே ஸ்கேன். இங்கிலாந்தில் இது நடக்காது. 1948-ல் தொடங்கிய என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவ சேவையில் மருத்துவரைப் பார்ப்பதும் மருத்துவமனைச் சிகிச்சையும் இலவசம். ஆனால் நிபுணரிடம் போகும் கதவு பெரும்பாலும் ஒன்றுதான். அதன் வாசலில் ஜி.பி. உட்கார்ந்திருக்கிறார். அவர் கடிதம் கொடுத்தால்தான் உள்ளே போக முடியும்.

இந்த ஏற்பாட்டால் வீண் சோதனைகள் குறைகின்றன, செலவு கட்டுப்படுகிறது. ஆனால் 1990-களில் ஐரோப்பிய நாடுகளின் புற்றுநோய்ப் பதிவேடுகளை ஒப்பிட்டபோது பிரிட்டன் பின்தங்கியிருந்தது தெரிந்தது. நோய் கண்டறிந்த பிறகு ஐந்தாண்டு உயிரோடிருப்பவர்களின் விகிதம் பல அண்டை நாடுகளைவிடக் குறைவு. பிற்பாடு, 2011-ல், டென்மார்க்கின் பீட்டர் வெட்ஸ்டெட், ஃப்ரெடெ ஒலெசன் இருவரும் ஒரு சங்கடமான கேள்வியை எழுப்பினார்கள்: குடும்ப மருத்துவரை வாயிற்காவலராக வைத்த நாடுகளில்தான் பொதுவாக இந்த விகிதம் குறைவாக இருக்கிறதே, அந்தக் கதவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? அவர்கள் காட்டியது நாடுகளுக்கிடையிலான ஒப்பீடுதான், நிரூபணம் கிடையாது. என்றாலும் கேள்வி நிலைத்துவிட்டது.

பிரிட்டிஷ் அரசு அதற்கு முன்பே ஓர் அவசர வழியைத் திறந்திருந்தது. சந்தேகத்துக்குரிய நோயாளியை இரண்டு வாரத்துக்குள் நிபுணர் பார்த்தாக வேண்டும் என்ற வாக்குறுதி 1997 டிசம்பரில் வந்தது. 1999 ஏப்ரலில் மார்பகப் புற்றுநோய்க்கு நடைமுறையானது, 2000-க்குள் மற்றவற்றுக்கும் விரிந்தது. 'டூ வீக் வெயிட்' என்பது மருத்துவர், நோயாளி இரு தரப்புக்கும் பழகிய சொல்லாயிற்று. ஜி.பி.க்கள் படிவத்தை நிரப்பி ஃபேக்ஸில் அனுப்பிய காலம் அது. அந்த வழியில் யாரை அனுப்பலாம் என்று வரையறுக்க ஒரு வழிகாட்டி தேவைப்பட்டது. 2005-ல் ஒன்று வந்தது. அதன் மாற்றுதான் 2015-ன் என்.ஜி.12.

மூன்று சதவீதத்தின் கதை

இந்த வழிகாட்டியின் உயிர்நாடி ஓர் எண். எக்ஸிடரில் ஜி.பி.யாக இருந்து பேராசிரியரான வில்லி ஹாமில்டன், அதைத் தயாரித்த குழுவை மருத்துவத் தரப்பில் வழிநடத்தியவர். அவருடைய முந்தைய ஆய்வுகள் வேடிக்கையாகத் தோன்றும் அளவுக்கு எளிய கேள்வியிலிருந்து பிறந்தவை: மருத்துவமனைக்கு வந்துவிட்ட புற்றுநோயாளியை எல்லோரும் ஆராய்கிறார்கள், அவர் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஜி.பி.யிடம் என்னென்ன சொன்னார் என்று யாராவது பார்த்தார்களா? எக்ஸிடரின் கிளினிக்குகளில் பழைய கோப்புகளைத் தோண்டி, ஒவ்வொரு இருமலையும் வயிற்றுவலியையும் குறித்தெடுத்தார் அவர்.

கிடைத்த எண்கள் பாடப்புத்தகத்தை அசைத்தன. இருமலில் ரத்தம் வந்தால் நுரையீரல் புற்றுநோய் என்று எல்லோரும் நடுங்குகிறோம். குடும்ப மருத்துவரிடம் அப்படி வருபவர்களில் நூற்றுக்கு 2.4 பேருக்குத்தான் அது. வெறும் இருமல் என்றால் 0.4. தலைவலியோடு வருபவருக்கு மூளைக் கட்டி இருக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் சற்றே குறைவு. அபாய அறிகுறிகளே இவ்வளவு மெலிதாகப் பேசும்போது மற்றவற்றைக் கேட்க வேண்டுமா? ஆனால் இரண்டு சேர்ந்தால் எண் ஏறுகிறது. அதே அறிகுறி மீண்டும் வந்தாலும் ஏறுகிறது. இந்த எண்களைக் கட்டம் கட்டமாக நிறம் தீட்டி மௌஸ் பேடுகளில் அச்சடித்து மருத்துவர்களின் மேஜைக்கு அனுப்பினார்கள். நோயாளி பேசிக்கொண்டிருக்கும்போதே கை அடியில் அட்டவணை.

2005-ன் வழிகாட்டி சுமார் 5 சதவீதம் ஆபத்து இருந்தால் அனுப்பச் சொன்னதாகக் கணக்கிடலாம். 2015-ல் அதை 3 சதவீதமாக இறக்கினார்கள். குழந்தைகளுக்கு இன்னும் கீழே. 3 சதவீதம் என்றால், எல்லைக்கோட்டில் நிற்கும் நூறு பேரை அனுப்பினால் 97 பேர் 'ஒன்றுமில்லை' என்ற பதிலோடு திரும்புவார்கள். அந்த 97 பேரும், அவர்கள் குடும்பங்களும் சில வாரம் தூக்கமின்றிக் கிடப்பார்கள். மூன்று பேருக்காக 97 பேரைக் கலங்கவைக்கலாம் என்று ஒரு நாடு எண்ணைச் சொல்லி முடிவெடுத்தது. அதை ஒளிக்காமல் எழுதியும் வைத்தது. மருத்துவத்தில் இந்த நேர்மை அடிக்கடி காணக்கிடைப்பதில்லை.

இன்னொன்றையும் என்.ஜி.12 மாற்றியது. முந்தையது உறுப்புவாரியாக இருந்தது: நுரையீரல், குடல், கணையம் என்று. நோயாளி கணையத்தோடா வருகிறார்? பசியின்மையோடும் மெலிவோடும் வருகிறார். எனவே புதியதில் அறிகுறிவாரியாகவும் அட்டவணை போட்டார்கள்.

சில கண்டுபிடிப்புகள் மருத்துவர்களையே ஆச்சரியப்படுத்தின. டெங்கு காலத்தில் பிளேட்லெட் குறைந்துவிட்டதா என்று பதறிப் பழகியவர்கள் நாம். அது கூடினாலும் கவலைதான் என்பது எக்ஸிடரின் சாரா பெய்லி 2017-ல் வெளியிட்ட ஆய்வு. ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் அளவுக்கு மேல் இருந்த 40 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஆண்களில் 11.6 சதவீதம், பெண்களில் 6.2 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் புற்றுநோய் தெரியவந்தது. வேறு எதற்கோ எடுத்த ரத்தச் சோதனையின் ஓரத்தில் நட்சத்திரக் குறியோடு நிற்கும் எண் அது. மூன்று சதவீத எல்லையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அதன் கனம் புரியும்.

ஏன் அனுப்பவில்லை?

அனுப்பினால் பலன் உண்டா என்ற சந்தேகம் நெடுநாள் இருந்தது. 2015-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு அதை ஓரளவு தீர்த்தது. 8,049 கிளினிக்குகளைச் சேர்ந்த 2,15,284 புற்றுநோயாளிகளைப் பார்த்தார்கள். அவசர வழியைக் குறைவாகப் பயன்படுத்திய கிளினிக்குகளின் நோயாளிகளிடையே இறப்பு ஆபத்து சுமார் 7 சதவீதம் கூடுதலாக இருந்தது. தயங்காமல் அனுப்பும் டாக்டரிடம் பெயர் பதிந்திருப்பது நோயாளிக்கு நல்லது என்று சுருக்கிச் சொல்லலாம்.

பிறகு ஏன் தயக்கம்? ஒரு பக்கம் அரசு, மறு பக்கம் கஜானா. நோயைத் தவறவிடும் ஜி.பி.க்களின் பெயரை அம்பலப்படுத்தப் போவதாக 2014-ல் சுகாதார அமைச்சர் ஜெரமி ஹன்ட் பேசினார். அடுத்த ஆண்டே, மருத்துவமனைக்கு அனுப்பும் எண்ணிக்கையைக் குறைத்தால் ஊக்கத்தொகை என்று சில வட்டார நிதிக்குழுக்கள் திட்டம் போட்டதை, ஜி.பி.க்களுக்கான பல்ஸ் இதழ் வெளிக்கொண்டுவந்தது. அனுப்பாவிட்டால் அவமானம், அனுப்பினால் நஷ்டம்.

ஆனால் காசைவிட ஆழமான காரணம் ஒன்று 2021-ன் ஆய்விலேயே கிடைக்கிறது. மார்புக் கட்டி என்றால் 68 சதவீதம் பேர் அனுப்பப்பட்டார்கள். விழுங்கச் சிரமம் என்றால் 17 சதவீதம்தான். இவர்களில் சிலரை மருத்துவர் நேரடியாக எண்டோஸ்கோபிக்கு அனுப்பி, அது கணக்கில் வராமல் போயிருக்கலாம். இருந்தாலும் இடைவெளி பெரிது.  கட்டியைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். தொண்டையில் சாப்பாடு சிக்குவதைச் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும்.

சொல்லும் மொழி என்ன என்பது இங்கே முக்கியமாகிறது. கிழக்கு லண்டனின் ஈஸ்ட்ஹாமிலோ மேற்கே ஹாரோவிலோ உள்ள ஓர் ஈழத்துத் தாய் "சாப்பாடு இறங்குதில்லை" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். பசியில்லை என்றும் பொருள், தொண்டையில் அடைக்கிறது என்றும் பொருள். துக்க வீட்டில் இருப்பவரும் இதே சொல்லைத்தான் சொல்வார். கூட வந்த மகள் அதை ஆங்கிலத்தில் 'பசி இல்லையாம்' என்று மாற்றிவிட்டால் கதை முடிந்தது. விழுங்கச் சிரமம் என்றால் எந்த வயதிலும் அவசரம்; பசியின்மை என்றால் இன்னும் பல கேள்விகள், சில சோதனைகள், 'ரெண்டு வாரம் பார்ப்போம்'. வழிகாட்டியின் இரண்டு வரிகளுக்கு நடுவே ஒரு தமிழ் வினைச்சொல் நின்றுவிடுகிறது.

நிலைமை ஆசியர்களுக்குப் பாதகமாக இருப்பதற்கு எண்ணும் இருக்கிறது. 24 வகைப் புற்றுநோய்களோடு இருந்த 41,299 பேரிடம் இங்கிலாந்தில் 2010-ல் எடுத்த கணக்கெடுப்பை யோர்கோஸ் லிராட்சோபுலோஸ் குழு 2012-ல் அலசியது. மருத்துவமனைக்கு அனுப்பப்படும் முன் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடவை ஜி.பி.யைப் பார்க்க நேர்ந்தவர்கள் யார்? மார்பகப் புற்றுநோய் என்றால் 7.4 சதவீதம். கணையம் என்றால் 41.3. எலும்பு மஜ்ஜையில் வரும் மைலோமா என்றால் 50.6, அதாவது சரிபாதி. வெள்ளையரைவிட ஆசியருக்கும் கறுப்பினத்தவருக்கும் இப்படி அலைய நேரும் வாய்ப்பு கணிசமாகக் கூடுதல். 16 முதல் 24 வயதுக்காரர்களுக்கு, 65 தாண்டியவர்களோடு ஒப்பிட்டால், இரு மடங்குக்கும் மேல்.

மைலோமா முதுகுவலியாக வருகிறது, அசதியாக வருகிறது. அந்த இரண்டும் இல்லாத அறுபது வயதுக்காரர் யார்?

இருபது தடவை

ஸ்டீவனேஜ் நகரின் ஏர்பஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஜெஸிகா பிரேடிக்கு 27 வயது. 2020-ல், கொரோனா காலத்தில், வயிற்றுவலி, இருமல், வாந்தி, எடை குறைவு என்று உடல் படுத்தியது. சுமார் ஐந்து மாதங்களில் 20 தடவைக்கு மேல் தன் ஜி.பி. கிளினிக்கைத் தொடர்புகொண்டார். நீடித்த கொரோனாவாக இருக்கலாம் என்றார்கள். புற்றுநோய் வரும் வயதில்லை என்றார்கள். கடைசியில் தனியார் நிபுணரைப் பார்த்து, மருத்துவமனையில் சேர்ந்தபோது நோய் நான்காம் நிலை. மூன்று வாரத்தில், அந்த டிசம்பரில், இறந்துபோனார்.

வழிகாட்டி மீறப்பட்டதா என்று கேட்டால் பதில் அத்தனை நேரானதல்ல. என்.ஜி.12-ன் பல வரிகள் 40, 45, 50, 60 என்று வயதோடு தொடங்குகின்றன. 27 வயதுக்காரர் அந்தக் கட்டங்களுக்கு வெளியே நிற்கிறார். 2021-ன் ஆய்விலும் 18 முதல் 24 வயதுக்காரர்கள் அவசரமாக அனுப்பப்படும் வாய்ப்பு, 55 முதல் 64 வயதுக்காரர்களோடு ஒப்பிட்டால், ஐந்தில் ஒரு பங்குதான். புள்ளிவிவரப்படி இளையவர்களுக்கு ஆபத்து குறைவு என்பது உண்மை. மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அந்த உண்மையால் ஆவது ஒன்றுமில்லை.

அவருடைய பெற்றோர் ஐந்தாண்டு போராடியதன் விளைவு 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட 'ஜெஸ் ரூல்'. ஒரே அறிகுறியோடு, அல்லது மோசமாகிவரும் அறிகுறியோடு, காரணம் பிடிபடாமல் ஒருவர் மூன்றாவது முறை வந்தால், மருத்துவர் முதலிலிருந்து யோசிக்க வேண்டும். கோப்பைத் திரும்பப் படிக்க வேண்டும், ஃபோனில் பேசியது போதும் என்று நேரில் அழைத்துப் பார்க்க வேண்டும், வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கவோ கூடுதல் சோதனைக்கு அனுப்பவோ வேண்டும். சட்டம் இல்லை, நினைவூட்டல்தான்.

கேட்டால் 'இதுகூடத் தெரியாதா' என்று தோன்றும். ஆனால் வழிகாட்டியின் பெரிய ஓட்டையை இது சரியாகத் தொடுகிறது. என்.ஜி.12 அறிகுறியை எடைபோடுகிறது. இந்த விதி வருகையை எண்ணுகிறது. எக்ஸிடரின் பழைய கோப்புகள் சொன்ன விஷயமும் பாதி அதுதானே? மருத்துவர்களின் உள்ளுணர்வுக்கும் இதில் பங்குண்டு. 'ஏதோ சரியில்லை' என்று மருத்துவர் குறித்துவைத்த நோயாளிகளுக்குப் புற்றுநோய் உறுதியாகும் வாய்ப்பு நான்கு மடங்கு அதிகம் என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து ஆக்ஸ்ஃபோர்டு குழு 2020-ல் காட்டியது. அந்த உள்ளுணர்வு எங்கிருந்து வருகிறது? நோயாளியைப் பல ஆண்டு தெரிந்திருப்பதிலிருந்து. 'இந்த மனுஷன் சும்மா வர மாட்டாரே' என்ற நினைப்பிலிருந்து.

வழிகாட்டியின் இந்த ஓட்டையை டென்மார்க் இன்னொரு வகையில் எதிர்கொண்டது. 2008-ல் புற்றுநோய்க்கான வேகப்பாதைகளைத் தொடங்கியவர்கள், கட்டங்களுக்குள் அடங்காத மெலிவு, அசதி, இனம்தெரியாத வலி ஆகியவற்றுக்குத் தனிப்பாதை ஒன்றும் பின்னர் சேர்த்தார்கள். இங்கிலாந்தும் அதைப் பார்த்து இத்தகைய அறிகுறிகளுக்கான மையங்களை அமைத்தது.

நெரிசல்

இதற்கிடையே அவசர வழியே அடைபட்டுக்கொண்டிருக்கிறது. அதில் அனுப்பப்படுபவர்கள் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம். அவர்களில் நூற்றுக்கு ஆறேழு பேருக்குத்தான் நோய் உறுதியாகிறது. அனுப்பிய 62 நாட்களுக்குள் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற இலக்கு 2015 டிசம்பருக்குப் பிறகு எட்டப்படவே இல்லை. 2023 அக்டோபரில் இரண்டு வார இலக்கையே கைவிட்டார்கள். நிபுணரைப் பார்ப்பதை மட்டும் அளந்து என்ன பயன், உண்டா இல்லையா என்ற பதில் 28 நாட்களுக்குள் நோயாளிக்குக் கிடைக்கிறதா என்று அளப்போம் என்றார்கள். இந்த மாற்றத்தில் புத்தி இருக்கிறது. கடிகாரம் ஓடத் தொடங்குவது ஜி.பி. கடிதம் அனுப்பிய பிறகுதான் என்பது மட்டும் மாறவில்லை.

குடல் புற்றுநோய்க்கு ஒரு வடிகட்டி கிடைத்திருக்கிறது. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் கண்டுபிடிக்கும் 'ஃபிட்' சோதனை. சிறு குப்பி வீட்டுக்கு வரும், நோயாளியே மாதிரி எடுத்து அனுப்பலாம். ஒரு கிராமில் 10 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் என்றால் அவசர வழி. மார்பு எக்ஸ்ரேயை இப்படி நம்ப முடியாது. நுரையீரல் புற்றுநோய்களில் ஐந்தில் ஒன்றை அது தவறவிடுகிறது. எக்ஸ்ரே 'நார்மல்' என்று வந்தபின் இருமல் நிற்காமல் திரும்பி வருபவரை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இன்றைய கிளினிக்கின் கோப்பு ஒன்று எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து பார்க்கலாம். மார்ச்: நெஞ்செரிச்சல், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. ஏப்ரல்: வேறொரு மருத்துவர், அதே புகார், மாத்திரை இரட்டிப்பு. ஜூன்: ஃபோனில் மூன்றாமவர், 'எடை சற்றுக் குறைந்ததாகச் சொல்கிறார்' என்ற ஒற்றை வரி. தனித்தனியே பார்த்தால் மூவரும் தவறு செய்யவில்லை. மூன்றையும் சேர்த்துப் பார்க்க அங்கே யாருமில்லை. ஜெஸ் ரூல் இந்த ஜூன் மாதத்து மருத்துவரிடம்தான் பேசுகிறது.

அவரை அடைவதற்கு நோயாளி காலை எட்டு மணிக்கே ஃபோனைக் கையில் எடுக்க வேண்டும். பல கிளினிக்குகளில் அன்றைய நேரங்கள் எட்டுக்குத் திறந்து சற்று நேரத்தில் தீர்ந்துவிடும். டாக்டரின் நேரத்தை வீணாக்கக் கூடாதே என்ற பிரிட்டிஷ் கூச்சம் வேறு. மற்ற நாட்டவரைவிட அவர்களிடம் அது அதிகம் என்று பன்னாட்டு ஒப்பீடு காட்டியிருக்கிறது. இரண்டு தடவை போய் மாத்திரையோடு திரும்பியவர் மூன்றாவது தடவை அந்த வரிசையில் நிற்காமல் விட்டுவிடலாம். இங்கிலாந்தில் புற்றுநோய் கண்டறியப்படுபவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது தெரியவருவது, தாங்க முடியாமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வந்து சேர்ந்த பிறகுதான். அவர்களில் ஒரு பகுதியினர் அதற்கு முன்பே தங்கள் ஜி.பி.யைப் பார்த்திருந்தவர்கள்.